செவலைக்குத் தண்ணி காட்டியாச்சா

…ஃபாரத்தில் திறன்கள் என்று போட்டு எதிரே மூன்று வரிக்கு இடம் வேறு விட்டிருக்கிறார்களே, அதில் என்னத்தை எழுதுவது, பெயர் மதுரம், வயது அறுபத்தாறு, நாஞ்சிக்கோட்டை சாலை, ரத்த வகை பி பாசிட்டிவ், இதெல்லாம் எழுதியாயிற்று, ஒரு காலத்தில் முத்து முத்தாக இருந்த கையெழுத்து இப்போது கொஞ்சம் சாய்கிறது, சாயட்டும், ஆனால் திறன்கள்? ரசம் நன்றாக வைப்பேன் என்று போடலாமா, கணவர் சந்தானகிருஷ்ணன் இருந்தால் அதற்கும் ஆட்சேபணை சொல்லியிருப்பார், முப்பத்தொன்பது வருஷம் புளி ஜாஸ்தி புளி ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்ட மனுஷர், போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை… அவர் போய் எட்டு மாதமாயிற்று, இப்போதெல்லாம் ஒரு டம்ளர் ரசம்தான் வைக்கிறாள், அதிலும் பாதி மிஞ்சுகிறது. மதுரம் பேனாவை மூடினாள், திறந்தாள். இன்று சனிக்கிழமை, நாளை ஹரி பெங்களூரிலிருந்து காரோடு வந்து நிற்பான், வீட்டைப் பூட்டி அம்மாவை ஏற்றிக்கொண்டு போக, அங்கே மருமகள் ஷைலஜா ஓர் அறையை ஒழித்துக் கட்டில் போட்டுப் படம் எடுத்து அனுப்பியும்விட்டாள், நல்ல பெண், படுக்கை விரிப்புகூட மதுரத்துக்குப் பிடித்த மாம்பழ மஞ்சள், குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் கஷ்டமே. மூன்று வாரத்துக்கு முன்னால் ஃபோனில், நான் எப்படிடா வருவேன், எனக்கு இங்க வேலை இருக்கு, என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள், என்ன வேலைம்மா என்று அவன் கேட்டபோது, தொண்டு வேலைடா, வாரத்துல ரெண்டு நாள், நான் போகலைன்னா அவாளுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி, என்று அதற்கு மேலும் ஜோடித்தாள். பொய் சொல்வது இத்தனை சுலபம் என்று தெரிந்திருந்தால் இன்னும் முன்பே பழகியிருக்கலாம். நாளை அவன் வருவதற்குள் அந்தப் பொய்யை நிஜமாக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் மாம்பழ மஞ்சள் விரிப்புதான்.

ஊருக்கு உழைக்கிறேன் என்று ஒருத்தி தானாக வந்து நின்றால் ஊர் வாரி அணைத்துக்கொள்ளும் என்றல்லவா நினைத்தாள், அதற்கும் அலைய வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு வானதி இவளை ஒரு தன்னார்வலர்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள், கண் விழித்தால் நாற்பது செய்தி, மரம் நட வாரீர், ரத்தம் தர வாரீர், எல்லாவற்றுக்கும் கீழே கும்பிடும் கைகள். போன ஞாயிறு புது ஆற்றங்கரையைச் சுத்தம் செய்யக் காலை ஆறு மணிக்கே போய் நின்றாள், கையுறை மாட்டி, அவர்கள் கொடுத்த பச்சை பனியனைப் புடவைக்கு மேலேயே போட்டுக்கொண்டு, ஆனால் காலேஜ் பிள்ளைகள் ஓடிவந்து நாற்காலி போட்டார்கள், குடை பிடித்தார்கள், நீங்க சும்மா உக்காந்திருங்க பாட்டி, அதுவே எங்களுக்குத் தெம்பு, என்றார்கள், தண்ணீரில்லாத பங்குனி மாதத்து ஆற்றில் இறங்கி அவர்கள் பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்க, இவள் இரண்டு மணி நேரம் கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டுப் புகைப்படத்தில் மட்டும் நடுவில் நின்றாள். நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்லப் போனால் பரீட்சை சமயம், ஒரு குழந்தையும் இல்லை. அதெல்லாம்கூடப் பரவாயில்லை, புதன்கிழமை அந்த முதியோர் இல்லத்துக்குப் போனாளே… அங்கிருப்பவர்களுக்குப் பேப்பர் படித்துக் காட்டலாம் என்று போனால், மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அன்பாக எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, உக்காருங்கம்மா, பையன் வெளில வண்டி நிறுத்துறாங்களா, ஆதார் கார்டு கொண்டாந்தீங்களா, தனி ரூமு இப்போ காலி இல்லை, ரெண்டு பேர் ரூமுதான், என்றாள். அங்கே சிரிப்பு வந்தது, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபின் அழுகை வந்தது. அந்தப் பெண் மேல் தப்பே இல்லை, கண்ணாடியில் பார்த்தால் தனக்கும் அப்படித்தானே தோன்றுகிறது.

ஆக இதுதான் கடைசி இடம், ஒரு பெரிய மருத்துவமனை வளாகத்தில், புறநோயாளிகள் கட்டடத்துக்குப் பின்புறம், தகரக் கூரை போட்ட ஓர் அறை, இரண்டு பெஞ்சு, ஒரு மேஜை, ஒரு தண்ணீர்ப் பானை. துணைக்கு ஆளில்லாமல் வந்து சேரும் நோயாளிகளுக்குக் கஞ்சி வாங்கித் தர, வீட்டுக்குத் தகவல் சொல்ல, ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். அவர்களில் முக்கியமானவன் ஜாஃபர் சாதிக், முப்பத்தைந்து வயது இருக்கும், எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறான், தினமும் காலைப் பொழுதைக் கடைக்குக் கொடுக்காமல் இங்கே கொடுக்கிறான். உக்காருங்கம்மா, ஃபாரத்தை நிரப்பிட்டு இருங்க, ஒரு ஃபோன் பேசிட்டு வந்துடறேன், என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் நின்று பேசிக்கொண்டிருக்கிறான். மதுரம் அதைக் காதில் வாங்கவில்லை, வாங்காமலிருக்கப் பழகிய காது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்துப் பழக்கம், இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் பலகையில் நாம் கேட்கிற சாவியைத் திருப்பி மூடிவிட வேண்டும், அவர்கள் பேச்சு அவர்களோடு… ஆனாலும் ஒரு வார்த்தை வந்து விழுந்துவிட்டது. ரொம்ப சீரியஸா இருக்காங்க சார், உடனே கிளம்பி வாங்க.

அந்த வார்த்தையை இந்தக் குரலில், இந்த அவசரத்தில் கேட்டு எத்தனை வருஷமாயிற்று… ஹெட்செட்டின் வளையம் அழுத்திய இடம் இன்றும் தலை வாரும்போது சீப்பில் தட்டுகிற மாதிரி இருக்கிறது. எண்பதாம் வருஷம் வேலையில் சேர்ந்தபோது தஞ்சாவூர் எக்ஸ்சேஞ்சில் சுவர் நீளத்துக்குப் பலகை, வரிசையாகப் பதினொரு பெண்கள், ஒவ்வொரு துவாரத்துக்கும் பின்னால் ஒரு வீடு, ஒரு கடை, ஒரு மண்டி, கயிற்றை எடுத்துச் சொருகினால் ஊரே பேசும், ஜூன் பிறந்துவிட்டால் நெல் மண்டிகளுக்கெல்லாம் மேட்டூரில் திறந்தாச்சா என்பது ஒன்றுதான் பேச்சு, மத்தியானம் டிபன் பாக்ஸ்கள் திறக்கும்போது ஒரு வாசனை எழும்பும், இவளுடைய வத்தக்குழம்பு சைத்தூன் பீவியின் மீன் வறுவலுக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கும், ஒருத்திக்குத் தலைவலி என்றால் பக்கத்தில் இருப்பவள் கையை நீட்டி அவள் பலகையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள். சந்தோஷமாக இருந்தோம், அப்போது தெரியவில்லை, என்று எல்லோரும் சொல்வார்கள், பொய், மதுரத்துக்கு அப்போதே தெரிந்திருந்தது. இந்த ஊரை அவள் முகத்தால் அறிந்தவள் இல்லை, குரலால் அறிந்தவள், போன மாதம்கூடக் கீழவாசலில் ஒரு கிழவர், கத்தரிக்காய் சொத்தையா பாருப்பா, என்று கடைக்காரனிடம் சொன்னதுதான் தாமதம், இவள் வாய் தானாக, டூ ஃபோர் ஒன், என்றது, அவர் திரும்பிப் பார்த்து, அம்மா எக்ஸ்சேஞ்சா, என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பெங்களூரில் யார் குரலுக்கு யார் எண்ணைச் சொல்வது? அப்புறம் ஃபோனோகிராம் மேஜை, தந்தி ஆபீசுக்கு வர முடியாதவர்கள் தந்தியை ஃபோனிலேயே சொல்வார்கள், இவள் எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, அடுத்த அறைக்கு அனுப்ப வேண்டும், எம் ஃபார் மெட்ராஸ், பி ஃபார் பாம்பே, ஒரு வார்த்தை கூட்டக்கூடாது, ஒரு வார்த்தை குறைக்கக்கூடாது.

அங்கேதான் அதைக் கற்றுக்கொண்டாள், சாவுச் செய்தியை இந்தப் பக்கத்தில் யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள் என்று. ஒரத்தநாட்டிலிருந்து ஒருவர், உரக்கடை ஃபோனில், விம்மிக்கொண்டே, அப்பா போயிட்டாரும்மா, ஆனா சீரியஸ்னு போடுங்க, தம்பி தனியா பஸ்ஸுல வரணும், வழியில எங்கயாவது விழுந்து கிழுந்துட்டான்னா, என்றார். ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி, மதுரம் எழுதினாள், படித்துக் காட்டினாள். வாரத்துக்கு நாலைந்து அப்படி வரும், எல்லோரும் போய்ச் சேர்ந்தவர்கள்தான், காகிதத்தில் மட்டும் முடியாமல் கிடந்தார்கள், பிரியத்தினால் செய்வது அது, வாங்குகிறவர்களுக்கும் தெரியும், பிரித்ததுமே வீட்டில் அழுகை கிளம்பிவிடும். பிறகு கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போயிருந்தபோது, ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவளுக்கே ஒன்று வந்தது, மன்னார்குடியிலிருந்து, அண்ணா கொடுத்தது, மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி. அவளுக்கா தெரியாது? அம்மா போய்விட்டாள். பதினோரு மணிக்கு ஒரு பஸ் இருந்தது, ஏறியிருந்தால் இருட்டும் நேரத்துக்கு மன்னார்குடி, ஆனால் இனிமேல் என்ன அவசரம், பெண் வராமல் எடுக்க மாட்டார்கள், சந்தானம் ஈரோட்டுக்குப் போயிருக்கிறார், வந்ததும் சேர்ந்தே ரயிலில் போய்விடலாம்… லீவு எழுதிக் கொடுத்தாள், மேஜையை அடுத்தவளிடம் ஒப்படைத்தாள், நிதானமாக ஒரு பழைய புடவையாகப் பார்த்து எடுத்து வைத்தாள், எத்தனை தைரியம் பாரு என்றார்கள். மறுநாள் காலை போய் இறங்கியபோது அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தது, விடிவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் போனாளாம், முந்தின சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து இரண்டு ஸ்பூன் ரசஞ்சாதம் சாப்பிட்டாளாம், மதுரம் வந்தாச்சா, மதுரம் வந்தாச்சா, என்று மூன்று தடவை கேட்டாளாம். அண்ணா குற்றமாகச் சொல்லவில்லை, நீ பதினோரு மணி பஸ்ஸுல வந்துடுவேன்னு நெனச்சோம், என்று மட்டும் சொன்னான். உள்ளதை உள்ளபடி தந்தி கொடுத்தவன் அவன் ஒருத்தன்தான், அதை நம்பாமல் போனவள், அந்த மேஜையிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவள். சந்தானத்திடம்கூட இதைச் சொன்னதில்லை, முப்பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ சொன்னாள், இதைத் தவிர.

ஜாஃபர் ஃபோனை மேஜையில் வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தான், முகம் கடுகடுவென்று இருந்தது. "என்ன மனுசங்கம்மா இவங்க. தர்மாம்பாள்னு ஒரு அம்மா, ஒரத்தநாடு பக்கம். வீட்டு வாசல்ல மயங்கி விழுந்துட்டாங்க, பக்கத்துக்காரங்க ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பிட்டாங்க. மகன் செந்தில்குமார் திருப்பூர்ல இருக்காரு. நேத்துலேர்ந்து மூணு தடவை சொல்லிட்டேன், ரொம்ப சீரியஸ், உடனே வாங்கன்னு. சரிங்க, தங்கச்சி வரட்டும், நாளைக்குச் சேர்ந்து வந்துடறோம்ங்கிறாரு. ஒரு பதட்டம் இல்லை. என்னாச்சு ஏதாச்சுன்னு ஒரு கேள்வி இல்லை." மதுரம் பேனாவை மூடி வைத்தாள். கேள்வி கேட்காதவன் கல்நெஞ்சக்காரன் இல்லை தம்பி, அவன் மனசுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது, தந்தியெல்லாம் நின்று போய்ப் பன்னிரண்டு வருஷமான பிறகும் இந்தப் பழக்கம் மட்டும் நிற்கவில்லையா… "நான் பேசறேன், ஆனா முதல்ல அந்தம்மாவைப் பாக்கணும்," என்று எழுந்துவிட்டாள், ஃபாரம் பெஞ்சிலேயே கிடந்தது. வார்டுக்குள் செல்ஃபோன் கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். தர்மாம்பாளுக்கு ஒரு பக்கம் இழுத்திருந்தது, வாய் கோணியிருந்தது, கண் மட்டும் வருகிறவர் போகிறவரை எல்லாம் தேடிக்கொண்டிருந்தது. காலையிலேர்ந்து எதையோ சொல்றாங்கம்மா, ஒண்ணும் புரியல, என்றாள் நர்ஸ். மதுரம் குனிந்து காதை வைத்தாள். குழறல்தான், ஆனால் மழை நாளில் சீர்காழி லைன் இதைவிட மோசமாக இருக்கும், அதிலேயே கல்யாணத்துக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறாள் இவள், இரைச்சலை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுப் பேச்சை மட்டும் பிடிக்க வேண்டும், அவசரப்படக்கூடாது, ஊகித்து நிரப்பக்கூடாது. மூன்றாம் தடவையில் பிடிபட்டது. "செவலைக்குத் தண்ணி காட்டியாச்சா, கன்னு போட்டு பத்து நாளுதான் ஆவுது, தவுட்டுத் தண்ணி வச்சாத்தான் குடிக்கும்," என்று அவள் திரும்பப் படித்துக் காட்டினாள், "சரிதானா?" தர்மாம்பாள் கண்ணை மூடித் திறந்தாள், ஓரத்தில் நீர் இறங்கியது, அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள்.

அறைக்குத் திரும்பியபோது மணி பத்தே கால். ஜாஃபர் எண்ணைப் போட்டு, குரல் வெளியே கேட்கிற மாதிரி வைத்து, ஃபோனை இவள் முன்னால் நகர்த்தினான். "செந்தில்குமாருங்களா, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன்," என்றாள் மதுரம். "சொல்லுங்கம்மா," என்றது ஒரு களைத்த குரல், "தங்கச்சி வந்துகிட்டு இருக்கு. உடம்பை எப்ப குடுப்பாங்கன்னு மட்டும் சொல்லுங்க, ஊர்ல பந்தலுக்குச் சொல்லணும்." ஜாஃபர் தலையை நிமிர்த்தினான். "தம்பி, உங்கம்மா உசுரோட இருக்காங்க." பின்னால் தையல் மிஷின்கள் ஓடும் சத்தம், பிறகு மெதுவாக, "என்னைத் தேத்துறதுக்காகச் சொல்றீங்க. பரவால்லம்மா. நான் தைரியமாத்தான் இருக்கேன்." தைரியம்… எத்தனை தைரியம் பாரு என்றார்களே, ஆனால் குரலில் எதுவும் ஒட்டக்கூடாது, ஒட்டினால் அவன் நம்ப மாட்டான். "இப்பத்தான் பாத்துட்டு வரேன். ஒரு பக்கம் இழுத்திருக்கு, பேச்சு குழறுது. டாக்டர் இன்னும் ஒண்ணும் சொல்லல, நானும் சொல்ல மாட்டேன். அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன், கேட்டுக்குங்க. செவலைக்குத் தண்ணி காட்டியாச்சா, கன்னு போட்டு பத்து நாளுதான் ஆவுது, தவுட்டுத் தண்ணி வச்சாத்தான் குடிக்கும்." மிஷின் சத்தம் தள்ளிப் போனது, அவன் வெளியே வந்திருக்க வேண்டும். அப்புறம் அந்தக் குரல் வேறு யாரோ பேசுகிற மாதிரி உடைந்து வந்தது, "தவுட்டுத் தண்ணி… அது அம்மாதான்… அது எங்கம்மாதாங்க… அம்மா, பதினோரு மணிக்கு ஒரு பஸ் இருக்கு, நான் ஏறிடறேன், அஞ்சு மணிக்குள்ள வந்துடுவேன், நீங்க எங்கம்மாகிட்ட சொல்லுங்க, நான் மாட்டைப் பாக்கச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க." எல்லா ஊரிலும் பதினோரு மணிக்கு ஒரு பஸ் இருக்கத்தான் செய்கிறது போலிருக்கிறது. "ஏறுங்க, உடனே ஏறிடுங்க," என்றாள் மதுரம், அது யாருக்குச் சொன்னது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜாஃபர் ஃபோனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "மூணு தடவை பேசினேம்மா. அவரு அப்படி நெனச்சிருப்பாருன்னு எனக்குத் தோணவே இல்லை." பிறகு ஒரு நோட்டை எடுத்து, "திங்கக்கிழமையும் வியாழக்கிழமையும் வர முடியுமா உங்களால?" என்று கேட்டான். திறன்களைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. வருவேன், என்று சொல்லிவிட்டு வாசல் வேப்பமரத்தடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள், சந்தோஷமாக இருக்க வேண்டும், இருந்தது, பொய் நிஜமாகிவிட்டது, அதற்குள் ஹரியின் ஃபோன். "அம்மா, நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுவோம். பெட்டி கட்டிட்டியா?" "ஹரி, நிஜமாவே எனக்கு இங்க வேலை இருக்குடா. திங்கள், வியாழன்." "சரிம்மா." "நான் நன்னா இருக்கேன்டா." "தெரியும்மா. சரி." மதுரம் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒரு கணம் பார்த்தாள். இந்த 'சரி'யை இப்போதுதானே கேட்டாள், ஜாஃபர் சொன்னானே, ஒரு பதட்டம் இல்லை, ஒரு கேள்வி இல்லை என்று, திருப்பூர்க்காரனின் அதே சரி… எட்டு மாதமாகத் தினமும் காலை ஒன்பது மணிக்கு நன்னா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவன் அதற்கு என்ன அர்த்தம் வைத்துக்கொண்டிருக்கிறான்? அழுதுகொண்டு, சாப்பிடாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள் என்றா? அதற்காகத்தான் காரை எடுத்துக்கொண்டு வருகிறானா? தப்பு என்று சொல்லவும் முடியவில்லையே, பாதி நாட்கள் அப்படித்தானே கிடந்தாள், அப்புறம் எதைச் சொன்னால் இன்றைக்கு மட்டும் நம்புவான்… தர்மாம்பாளுக்குக் கேட்க ஒரு செவலை இருந்தது, தவிட்டுத் தண்ணி இருந்தது, தனக்கு என்ன இருக்கிறது, இந்த எட்டு மாதத்தில் தான் போய்ப் பார்க்காவிட்டால் வாடிப் போகிறது என்று ஒன்று இருந்ததா? தேடித் தேடிப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. "அம்மா, இருக்கியா?" என்றான் ஹரி. "இருக்கேன். ஹரி, அஞ்சு மணிக்குத் திருப்பூர் பஸ் ஒண்ணு வரணும். அதுல ஒருத்தர் வந்து இறங்கிட்டாரான்னு பாத்துட்டுத்தான் ஆத்துக்குப் போவேன்," என்றாள், ஏன் சொன்னாள் என்று தெரியாமலே. அவன் உடனே சரி சொல்லவில்லை. ஷைலஜா பின்னாலிருந்து ஏதோ கேட்பதும், இரு ஷைலு, என்று அவன் அவளை அடக்குவதும் கேட்டது. "யாரும்மா வரா? யாரு அது?" என்றான், குரல் மாறியிருந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் தர்மாம்பாளிலிருந்து ஆரம்பிக்க முடியாது, கோயம்புத்தூரிலிருந்து, அந்தப் பதினோரு மணி பஸ்ஸிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், சொன்னபிறகு நாளை அந்தக் கார் காலியாகத் திரும்புமா, இல்லை இன்னும் அவசரமாக வருமா, தெரியவில்லை. மதுரம் வெயில் படாத பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். "லைன்ல இரு, சொல்றேன்," என்றாள்.